மச்சாள் என்று கூப்பிடுகிறவள்

"அண்ணை, நீங்கள் வாயைத் திறந்தால் நான் இனி இந்தப் படலை மிதியன்."

"மெல்லக் கதை ராஜினி. கிறேஸ் குசினிக்கை நிக்கிறாள்."

"நிக்கட்டும். மடுமாதாவிலை சத்தியம் பண்ணித்தானே பிள்ளையைத் தந்தனியள்? இருபத்தெட்டு வருசத்திலை மாதாவுக்கு மறந்துபோச்சோ?"

குசினிக்குள் திருக்கை மீன் வெட்டிக்கொண்டிருந்த கிறேஸ் கத்தியை வைத்துவிட்டாள். இடது மார்பை எடுத்தபிறகு அந்தப் பக்கக் கை சும்மாவே உளையும்.

அம்மாவும் இளவயதில் இதே மார்புப் புற்றுநோயில்தான் போனவர். அதனால் டொக்டர் கிறேஸின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார். அம்மா வழியில் வந்த பரம்பரைப் பழுது என்று முடிவு வந்தது. அம்மா பெற்ற பொம்பிளைப் பிள்ளைகள் எல்லோரும் சோதிக்க வேண்டும், முன்னுக்கே தெரிந்தால் காப்பாற்றலாம் என்றார். நான் ஒருத்திதான் என்றாள் கிறேஸ். பக்கத்தில் இருந்த அப்பா கிறிஸ்தோப்பர் சோதனைத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். முல்லைத்தீவுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார், ராஜினி மாமியின் கம்சாவும் உன் அம்மா பெற்றவள்தான் என்று. பிள்ளையில்லாத தன் தங்கச்சி ராஜினிக்குப் பிறந்த கையோடு கொடுத்தார்களாம்.

கம்சாவுக்கு இது தெரியாது. புருஷனைச் சண்டையில் பறிகொடுத்த ராஜினிக்கு இருப்பது அவள் மட்டும்தான்.

வாசலில் ஸ்கூட்டிச் சத்தம். கைக்குழந்தையோடு கம்சாவே வந்து இறங்கினாள்.

"மாமா, சத்தம் ரோட்டடிக்குக் கேக்குது. அம்மாவோடை காணி பிரிக்கிறியளோ?"

அவள் குசினிக்குள் வந்து, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்க இருந்தாள். டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டாள். அம்மா வழிப் பரம்பரையாம் என்றாள் கிறேஸ். கம்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லகாலம், செத்த மாமியின் பக்கத்தோடு நிற்கிறது, எங்கள் பக்கம் இல்லை என்று தன்பாட்டில் சொன்னாள்.

வாசற்படியில் வந்து நின்ற ராஜினி கிறேஸைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற மாதிரி இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"கம்சா, எனக்காக நீயும் ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாப்பியோ?" என்றாள் கிறேஸ்.

"எனக்கேன் மச்சாள்? நான் என்ன உங்கட அம்மா பெத்த பிள்ளையோ?"

பகடியாகத்தான் சொன்னாள். கிறிஸ்தோப்பர் வலையைத் தூக்கிக்கொண்டு களப்புப் பக்கம் போய்விட்டார். கம்சா குழந்தையை மற்ற மார்புக்கு மாற்றினாள். கிறேஸால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் திரும்பவும் கேட்பார், வேறு சகோதரிகள் இருக்கிறார்களா என்று. கிறேஸை மச்சாள் என்று கூப்பிடுகிறவளுக்கு, நான் உன் அக்கா என்று எந்தச் சொல்லில் தொடங்குவது? ராஜினி மாமி உயிரோடு இருக்கும்போதே அவளிடமிருந்து பிள்ளையைப் பறிக்காமல் இதைச் சொல்ல வழி இருக்கிறதா? வாசிக்கிற உங்களில் யாராவது வீட்டில் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், எப்படிச் சொன்னனீங்கள் என்று கீழே எழுதுங்கோ. சொல்லாமல் விட்டவர்களும் எழுதுங்கோ.