எடை குறைந்த குற்றம்

ஆணி விற்பதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முறை உண்டு. இரண்டு கிலோ கேட்டால் இரண்டு கிலோ நிறுத்து, அதன்மேல் ஒரு பிடி அள்ளிப் போடுவோம். வாங்குகிறவர் "ஐயோ, போதுங்க" என்பார். அது நம் காதில் விழக் கூடாது. "வேண்டாங்க" என்று இரண்டாம் தரம் வாய் திறப்பதற்குள் பொட்டலம் கட்டியாகியிருக்க வேண்டும். கொசுறு போட்டதை வாய்விட்டுச் சொல்வதும் கிடையாது. பூட்டு, கீல், தாழ்ப்பாள், ஆணி என்று முப்பது வருஷமாக இப்படியே பழகிய கை இது. இந்தக் கையால்தான் என் அக்கா மகளின் ஆராய்ச்சியைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

அவளை வீட்டில் துரும்பு என்போம். ஊதினால் பறந்துவிடுவாள், ஆனால் வாய் மட்டும் ஆளைவிட இரண்டு சுற்றுப் பெரிது. பல்கலைக்கழகத்தில் கொழுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். உடம்பு பெருத்தவர்கள் தினம் நடந்தால், எடை குறையாவிட்டாலும்கூட, தின்கிற கொழுப்பை உடம்பு முன்னைவிட அதிகமாக எரிக்குமா என்பது அவள் கேள்வி. அதற்குப் பத்துப் பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பேராசிரியர் கையெழுத்துப் போட மாட்டார். ஒன்பது பேரைப் பிடித்துவிட்டாள். நூற்றுநாலு கிலோவில் தாய்மாமன் ஒருத்தன் கடையில் உட்கார்ந்திருக்க, பத்தாவது ஆளுக்கு வெளியே அலைவானேன்?

மூன்றாம் மாடியில் அவள் ஆய்வுக்கூடம். ஒரு கட்டில், ஒரு தராசு, துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஒரு பெட்டி. வெறும் வயிற்றில் வரச்சொல்லி ஒரு கோப்பைப் பால் கொடுத்தாள். அதில் எண்ணெயும், அடையாளம் வைத்த கொழுப்பும் கலந்திருந்தது. அப்புறம் எட்டு மணி நேரம் அரை மணிக்கொரு தரம் குழாயில் ஊதிப் பையை நிரப்ப வேண்டும். எரிந்த கொழுப்பு மூச்சோடு வெளியே வந்துவிடுமாம். அந்த அடையாளத்தைப் பெட்டி கண்டுபிடித்துச் சொல்லிவிடும். "வந்த சரக்குல எவ்வளவு கடையிலயே வித்துது, எவ்வளவு கிடங்குக்குப் போச்சுன்னு பாக்கறோம் மாமா, அவ்வளவுதான்" என்றாள். என் கடையில் நூற்றுக்குப் பதினாலு பங்குதான் விற்றிருந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். என் வயிற்றைப் பார்த்தாள்.

பிறகு நிபந்தனை. எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சாப்பாடு எப்போதும் போல. எடை இரண்டு கிலோவுக்குமேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

குண்டனைப் பிடித்து நடக்கவிட்டு, எடை குறையக் கூடாது என்றால் எந்த வியாபாரி நம்புவான்? பெண் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நம் பிள்ளைக்கு நாம் செய்யாமல் யார் செய்வது? நடையும் நடந்து, கொசுறாக ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினேன்.

முதல் வாரம் ஒரு கிலோ போயிருந்தது. "குறையுதே மாமா, சாப்பிடறீங்கதானே?" என்றாள். வயிறு முட்ட என்றேன். இரண்டாம் வாரம் இன்னும் அரைக் கிலோவுக்கு மேல். வேண்டாம், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். இரண்டு தரம் வேண்டாம் என்றாகிவிட்டது. எங்கள் தொழிலில் அது பொட்டலம் கட்டுகிற நேரம். மதியச் சாப்பாட்டிலும் பாதியைக் குறைத்தேன்.

மூன்றாம் வாரம் கடையில் ஏணிமேல் நின்று கீல் பெட்டி எடுக்கும்போது தலை சுற்றியது. பெட்டி விழுந்தது, நல்லவேளையாக நான் விழவில்லை. விஷயம் வீட்டுக்குப் போய், எடை பார்க்கிற நாளில் மனைவியும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள். தராசு நூற்றொன்று காட்டியது. நான் பெருமையாக இறங்கினேன். துரும்பு வாய் திறக்குமுன் மனைவி ஆரம்பித்தாள்.

"நீயே கேளுடி. உங்க மாமா ராத்திரி சாப்பிட்டு மூணு வாரம் ஆச்சு. கேட்டா கடையில சாப்பிட்டேங்கறாரு. கடையில என்ன இருக்கு, ஆணியா?"

துரும்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகச் சொன்னாள். "பட்டினி கிடந்தா உடம்பு கிடங்கைத் தொறந்துதான் ஆகணும் மாமா. நடந்ததால எரிஞ்சுதா, பட்டினியால எரிஞ்சுதான்னு நான் எப்படிப் பிரிப்பேன்? நீங்க இல்லேன்னா ஒம்பது பேருதான். ஒம்பதுக்கு ஒண்ணும் கிடையாது."

எனக்குத் தெரிந்தது பேரம் ஒன்றுதான். ஒரே வாரத்தில் மூன்று கிலோவை ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். சரி, நமக்குள் என்ன, நூற்றுநாலு என்றே எழுதிக்கொள்ளேன் என்றேன்.

"உங்க கடைத் தராசுல யாராவது கை வைக்க விடுவீங்களா?"

முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேரத்தை அதோடு விட்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்றேன். பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள். உடம்பு பழைய நிலைக்கு வர நாலு வாரம் நடக்காமல் இருக்கட்டும், திரும்ப ஒரு பரிசோதனை, அப்புறம் எட்டு வாரம் நடை என்றார் அவர். பன்னிரண்டு வாரம். பதின்மூன்றாவது வாரம் அந்தப் பெட்டியை வேறு துறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நடுவில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலும் அவளுக்கு வருஷம் போச்சு.

சும்மா உட்காருவது அத்தனை கஷ்டம் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் கால்கள் நடையில் ருசி கண்டிருந்தன. மனைவி எதிரில் உட்கார்ந்து கடைசிக் கவளம் வரை பார்த்துவிட்டு, காலித் தட்டைப் படம் பிடித்துத் துரும்புக்கு அனுப்புவாள். எனக்குக் கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது. நாலு வாரம் கழித்துப் பரிசோதித்தால் அதே பதினாலு பங்கு, அதே நூற்றொரு கிலோ. கிடங்கில் ஒரு மாற்றமும் இல்லை என்று பெண்ணுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அப்புறம் நடை. சரக்கு வண்டிகள் வருமுன் கடைத்தெருவை இத்தனை சுற்று. மழையென்றால் கிடங்குக்குள், பூட்டு அடுக்குக்கும் கீல் அடுக்குக்கும் நடுவில். வீட்டுக்கு வந்து தட்டு நிறையச் சாப்பாடு, பசி இல்லாவிட்டாலும் வழக்கமான அளவு, பசி அதிகமானாலும் அதே அளவு. பெயிண்ட் கடைக்காரர் ஒருநாள் வழிமறித்து, ரெண்டு மாசமா நடக்கறீங்களே அண்ணே, தொப்பை அப்படியே இருக்கே என்று பரிதாபப்பட்டார். உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மனுஷன் பயந்துவிட்டார்.

கடைசி நாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினேன். நூற்றொன்றரை. துரும்பு மூச்சை விட்டாள். பாலைக் குடித்தேன். ஊதினேன். அரை மணிக்கொரு பை, பெட்டிக்குள் ஒவ்வொன்றாய்ப் போனது. மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை. நான் வாயைத் திறந்தால் அதட்டினாள். பதினாறாவது பையையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்; குழாய் இன்னும் என் வாயில்தான் இருந்தது. பெட்டி முனகி முனகிக் கடைசியில் ஓர் எண்ணைக் காட்டியது.

"எவ்வளவுடி?" என்று குழாய்க்குள்ளேயே கேட்டேன்.

"இருபத்தொண்ணு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். பேராசிரியர் எடுத்திருக்க வேண்டும். "பத்துப் பேர் ஆயிட்டாங்க சார்" என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ நிறையப் பேசினார். அவள் ஜன்னல் பக்கம் போய்ச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். குழாயை வாயிலிருந்து எடுக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.