அரியேர் இல்லாத வண்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். மீதி முழுவதும் நான் கட்டியது.

என் ஸ்கூட்டரின் கிளட்ச் கம்பி அறுந்துபோய், புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் ஒரு பட்டறையில் காத்திருந்தேன். மெக்கானிக் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "அந்தக் காலத்துல இந்த ஊர்ல ஒருத்தரு ரிவர்ஸ் கியரே இல்லாம ரெண்டு வருஷம் வாடகைக் காரு ஓட்டினாராம் சார்."

"யாரு?"

"தெரியாது சார்."

"எந்த வருஷம்?"

"யாரோ சொல்லக் கேட்டதுதான். கம்பி மாத்தியாச்சு, ஓட்டிப் பாருங்க."

நான் ஓட்டிப் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

2

தொடக்கங்கள்.

"1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, பிரெஞ்சுக் கொடி இறங்கிய அந்தக் காலையில்..." அடித்துவிட்டேன். புதுச்சேரிக் கதைகளில் பாதி அந்தக் கம்பத்தடியில்தான் தொடங்குகின்றன. கம்பத்துக்கும் வலிக்கும்.

"கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக..." கடல் வழக்கம்போலத்தான் இருந்தது. இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் வண்டியின் கம்பெனிப் பெயரை எழுதியிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பதினெட்டு வருடம் உழைத்த ஒரு பல்சக்கரம் தேய்ந்து போனதற்கு யாரைக் குறை சொல்வது? பிரெஞ்சு வண்டி. கறுப்பு. ஸ்டியரிங் இடப்பக்கம். இது போதும்.

நான்காவது தொடக்கம் நின்றது. இதுதான்:

1957 மார்ச் மாதம். காலை வேளை. வைத்திக்குப்பத்தில், மணலில் போய் முடியும் ஒரு சந்துக்குள் கறுப்புக் கார் ஒன்று மூக்கை நுழைத்துவிட்டது. எதிரே படகு. இரண்டு பக்கமும் காய்கிற வலை. ஆறு மீனவர்கள் காரின் மூக்கில் கைவைத்துப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ஜின்தான் ஓடுதே, அப்புறம் நாங்க எதுக்குத் தள்ளணும்?" என்றார் ஒருவர்.

"முன்னால நல்லா போவும். பின்னால மட்டும் போவாது," என்றார் உள்ளே இருந்த டிரைவர்.

"இது காரா, மாடாய்யா?"

"மாடுகூட பின்னால போவும்," என்றார் டிரைவர் வருத்தத்துடன்.

3

டிரைவரின் பெயர் பாவாடை.

(வெளியூர் வாசகர்கள் சிரித்து முடிக்கட்டும். எங்கள் பக்கத்தில் அது சாமி பெயர், ஆம்பிளைப் பெயர்.)

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, ஒரு சண்டையையும் அங்கேயே விட்டுவிட்டு, நகரத்துக்கு வந்து ஒரு பிரெஞ்சு என்ஜினியரிடம் டிரைவராக இருந்தார். 1955இல் அந்த என்ஜினியர் கப்பலேறும்போது வண்டியைப் பாவாடைக்கே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே அரியேர் போயிற்று. அரியேர் என்றால் பின்கியர். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஊர் டிரைவர்களுக்கும் அதுதான் பெயர். முன்பெல்லாம் உதிரிப் பாகம் பிரான்சின் மர்செய் துறைமுகத்திலிருந்து கப்பலில் வரும். இப்போது கப்பல் வந்தது, பாகம் வரவில்லை.

பாவாடை சோர்ந்துவிடவில்லை. இந்த ஊர்த் தெருக்கள் கோடு போட்டதுபோல நேராக இருப்பவை. பின்னால் போகவேண்டிய இடத்தில் நான்கு முறை திரும்பிச் சுற்றிவந்தால் போயிற்று. பெரிய மார்க்கெட் முன்னால் எப்போதும் மூக்கு வெளியே தெரிய நிறுத்துவார். முட்டுச்சந்துக்குச் சவாரி ஏற்கமாட்டார். (வைத்திக்குப்பம் விதிவிலக்கு. சவாரி வந்தவர் "சந்து அந்தப் பக்கமும் திறந்துதான் இருக்கு" என்று சத்தியம் செய்திருந்தார்.) ஒருமுறை கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியைத் திருப்ப முடியாமல் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மூன்று தெரு கூடுதலாக ஊர்வலம் கொண்டுபோனார். பெண்வீட்டார் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு தனியாக ஒரு தட்டு லட்டு அனுப்பினார்கள்.

இப்படியே இரண்டு வருடம். இப்படியே போயிருந்தால் எனக்குக் கதை இல்லை.

4

ஒரு அறிவிப்பு வந்தது. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நாற்காலிகள் மாறிக்கொண்டிருந்த காலம்.) வாடகைக் கார்கள் எல்லாம் ஏப்ரல் முதல் திங்கட்கிழமை மைதானத்துக்கு வரவேண்டும். முன்னே ஓட்டிக்காட்ட வேண்டும். இரண்டு தகர டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுத்துக்காட்ட வேண்டும். முடியாத வண்டிக்கு அனுமதி ரத்து.

பாவாடையின் மனைவி ராஜாம்பாள் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அனுமதி போனா?"

"பாகூருக்குப் போவ வேண்டியதுதான். அண்ணன் நெலத்துல கூலிக்கு நிக்கலாம்."

"நீ நில்லு. நான் நிக்கமாட்டேன்," என்றாள்.

பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு கொல்லர் பித்தளையில் பல்சக்கரம் வார்த்துக் கொடுத்தார். வண்டி இரண்டு முழம் பின்னால் போனது. பிறகு உள்ளே பொரி வறுத்ததுபோல ஒரு சத்தம். அதோடு சரி. அப்போதுதான் இன்னொரு டிரைவர் சொன்னார்: "முல்லா வீதியில கரீமாம்மா ஊட்ல கேட்டுப் பாரு. இதே வண்டி நிக்குது. ஆனா நீ போவாத, ஜன்னலுக்கு வெளியதான் நிக்கவெப்பாங்க. ஊட்டுக்காரிய அனுப்பு."

5

கரீமாவை நான் உண்டாக்கிய விதம் பற்றி ஒரு தகராறு உண்டு.

அவள் கணவர் ஹாஜா வியட்நாமில், சைகோனில் துணி வியாபாரம். 1953இல் போகும்போது வண்டியைக் கொட்டகையில் விட்டு, மூன்று மரப்பெட்டி நிறைய உதிரிப் பாகங்களையும் விட்டுப்போனார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கரீமா, வேறு வாசிப்பு கிடைக்காமல் வண்டியின் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டாள். ஊர் டிரைவர்கள் ஜன்னல் தட்டிக்கு வெளியே நின்று கேட்பார்கள். அவள் உள்ளிருந்து கொடுப்பாள். காசுக்கு அல்ல, பொருளுக்குப் பொருள். ஒரு ஹாரனுக்கு இரண்டு பிளக். ஒரு விளக்குக்கு ஒரு பெடல் ரப்பர். இப்படி மாற்றி மாற்றித் தன் வண்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இதைப் படித்த நண்பர், "அந்தக் காலத்துல ஒரு முஸ்லிம் பொம்பள கார் பாகம் வியாபாரமா? நம்ப முடியலையே," என்றார்.

பின்னால் போகாத வண்டியில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றியதை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த தாளைப் புரட்டினார். கரீமா இருந்துகொண்டாள்.

6

ராஜாம்பாள் தேய்ந்த பல்சக்கரத்தை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். பெண் என்பதால் தட்டிக்கு உள்ளேயே கூப்பிட்டு உட்காரவைத்தாள் கரீமா. சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அரியேர் பல்லு. வண்டி நிக்கிறதுக்கு முன்னாலயே கியர் போடுவாரா உங்க ஊட்டுக்காரரு?"

"எல்லாத்துலயும் அவசரந்தான்க்கா."

கரீமா சிரித்தாள். பிறகு சக்கரத்தைத் துணியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "பெட்டியில இது இல்ல. என் வண்டிக்குள்ளதான் ஒண்ணு இருக்கு. அதத் தரமாட்டேன்."

முதல் வரைவில் ராஜாம்பாளை இந்த இடத்தில் அழவைத்தேன். அது அவளுக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் வரைவில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் கேட்டாள்:

"ஓடாத வண்டிக்கு எதுக்குக்கா பின்னால போற சக்கரம்?"

"ஓடும். ஸ்டார்ட்டர் ஒண்ணுதான் பாக்கி. அது கெடச்சா நானே ஓட்டுவேன்."

"நீங்களா?"

"ஏன், ஊட்டு முற்றத்துல அவுங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. பதினஞ்சு அடி முன்னால, பதினஞ்சு அடி பின்னால. லைசென்சும் எடுத்து வெச்சிருக்கு." (நன்றி கரீமா. வாசகர்கள் கேட்டிருப்பார்கள்.) அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க உம்மா கடலூர்ல படுத்த படுக்கையா கெடக்குறாங்க. பெரிய மச்சான் கூட்டிட்டுப் போனாத்தான் எனக்கு அவுங்க மொகம். ரம்ஜானுக்குப் போலாம்னாரு, போவல. பொங்கல் லீவுல போலாம்னாரு, போவல. கேட்டா, 'நான் இருக்கேன்ல'ங்கிறாரு."

பெரிய மச்சான் என்பது ஹாஜாவின் அண்ணன் அன்வருதீன். அடுத்த வீடு.

ராஜாம்பாள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வண்டியில ஸ்டார்ட்டர் இருக்கு. அந்தச் சக்கரத்தக் குடுத்துட்டு எடுத்துக்குங்க. எங்களுக்கு மணிவேல் போதும்."

(மணிவேல் யார் என்று தட்டச்சு செய்தவர் கேட்டார். ஆள் இல்லை. வண்டியின் முன்னால் செருகிச் சுற்றி என்ஜினைக் கிளப்பும் கைப்பிடி. பிரெஞ்சில் மனிவேல். ஊர் டிரைவர்கள் அதற்கு ஒரு சுழி மாற்றித் தமிழ்ப்பெயர் வைத்துக் கூடப்பிறந்தவனாக்கிவிட்டார்கள்.)

"தெருவுல நின்னு நான் மணிவேல் சுத்த முடியாது. அது சரி," என்றாள் கரீமா. "ஆனா அரியேர் இல்லாம எப்படி ஓட்டுறது?"

"ரெண்டு வருஷமா எங்க ஊட்டுக்காரரு எப்படி ஓட்டுறாரு? எந்தத் தெரு எங்க முட்டும், எங்க திரும்பலாம், எல்லாம் அவரு தலைக்குள்ள இருக்கு. அதையும் சேத்து எடுத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பாவாடை குதித்தார். "என்னக் கேக்காம ஸ்டார்ட்டர குடுத்துட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அன்வருதீன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று நாள் வேலை நடந்தது. முதலில் கரீமாவின் வண்டியைத் தள்ளித் தெருவைப் பார்க்கத் திருப்பினார்கள். பாவாடை கொட்டகையில் மல்லாந்து படுத்திருக்க, கரீமா ஜன்னலுக்குள்ளிருந்து கையேட்டைத் தமிழில் வாசித்தாள். வாசித்ததை ராஜாம்பாள் குனிந்து வண்டிக்கு அடியில் சொன்னாள். "நாலாவது போல்ட்ட இப்ப கழட்டாதேங்கிறாங்க." "கழட்டிட்டேனே." "கழட்டிட்டாராம்க்கா." இடையிடையே பாவாடை தெருக்களைச் சொன்னார். எது மூடிய சந்து, எந்த மூலையில் மாட்டு வண்டிக்காரன் குறுக்கே நிறுத்துவான், முதலியார்பேட்டை தாண்டி அரியாங்குப்பம் வழியாகக் கடலூர்ச் சாலைக்கு எங்கே திரும்புவது. கரீமா ஒரு நோட்டில் படமாக வரைந்துகொண்டாள்.

7

திங்கட்கிழமை. மைதானம். மணிவேலைச் சுற்றி வண்டியைக் கிளப்பினார் பாவாடை. முன்னால் ஓட்டிக் காட்டினார். அழகாகப் போனது.

"ரிவர்ஸ்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பாவாடை கியரைப் போட்டார். வண்டி பின்னால் நகர்ந்தது! ராஜாம்பாள் மைதான ஓரத்தில் கைகளைக் கோத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது, வளைந்தது, இன்னும் வளைந்தது, இடப்பக்கத்து டிரம்மை டமாரென்று சாய்த்தது.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சக்கரம் பொருந்திவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடம் முன்னே மட்டும் போன மனிதருக்குப் பின்னே போவது மறந்துவிட்டது.

"வண்டி சரி. டிரைவருக்கு என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னும் ஒரு தடவைதான்."

பாவாடை கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பாகூர், அண்ணன், வரப்பு எல்லாம் அதில் தெரிந்தன. அப்போது ராஜாம்பாள் மைதானத்தைக் கடந்து வந்து, சாய்ந்த டிரம்மை நிமிர்த்தி வைத்து, இரண்டு டிரம்முக்கும் பின்னால் நடுவில் நின்றுகொண்டாள்.

"ஏம்மா, தள்ளி நில்லும்மா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"அவரு வரட்டும் சார்." பிறகு கணவனைப் பார்த்து, "யோவ், டிரம்மப் பாக்காத. என்னயப் பாத்துகிட்டே வா," என்றாள்.

அவர் தலையை வெளியே நீட்டித் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி ஊசிபோல வந்து அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ராஜாம்பாள் ஒரு அடிகூட நகரவில்லை. இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார். வீட்டுக்குப் போகிற வழியில் பாவாடை தேவையில்லாத மூன்று இடங்களில் பின்னால் எடுத்துக் காட்டினார்.

8

அந்த வாரம் ஞாயிறு காலை ஏழு மணி. முல்லா வீதி. துப்பட்டி போர்த்திய கரீமா ஸ்டியரிங்கில். பக்கத்தில் ராஜாம்பாள், மடியில் நோட்டு. ஸ்டார்ட்டர் முதல் இழுப்பிலேயே பிடித்தது. தெருக்கோடியில் பாவாடை காவல்.

வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்து தெருவில் ஏறிய நேரம், அன்வருதீன் வீட்டிலிருந்து ஓடிவந்து நடுத்தெருவில் கையை விரித்து நின்றார்.

"கரீமா! யாரக் கேட்டு வண்டிய எடுத்த? பின்னால எடு. உள்ள வுடு."

"பின்னால போவாது மச்சான். அரியேர குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? யாருக்கு?"

"எங்க ஊட்டுக்காரருக்கு," என்றாள் ராஜாம்பாள் பணிவாக.

அன்வருதீனுக்குப் புரியவில்லை. ஜன்னல்கள் திறந்தன. யாரோ சிரித்தார்கள். "எங்க போற?" என்றார், குரலைத் தணித்து.

"கடலூருக்கு. உம்மாவப் பாக்க."

"நான்தான் கூட்டிட்டுப் போறேன்னேன்ல?"

"எப்ப மச்சான்?"

கரீமா அதைக் கோபமாகக் கேட்கவில்லை. நாள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்வருதீன் விரித்த கையின் விரல்களை மடக்கி எண்ணினார். ஒரு கிழமையும் வரவில்லை.

இந்த இடத்தில் என்னிடம் மூன்று தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் அவர் ஒதுங்கி வழிவிடுகிறார். நல்ல முடிவுதான், ஆனால் மனிதர் தெருவில் தனியாக நின்றுவிடுகிறார், எனக்குப் பாவமாக இருக்கிறது. இன்னொன்றில் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, கடலூர் வரை "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போகிறார். இது நண்பருக்குப் பிடித்தது. மூன்றாவதில் தெருக்காரர்கள் சேர்ந்து தள்ளுகிறார்கள். வண்டியை அல்ல, அவரை.

எதை அச்சுக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே பாருங்கள். அன்வருதீனை எங்கே வைப்பது என்று கொஞ்சம் சீக்கிரம் முடிவுசெய்யுங்கள். கரீமா கிளட்சிலிருந்து காலை எடுக்கத் தொடங்கிவிட்டாள்.