மேகதாதுவில் கிடைத்த குரல்

காக்ஸ் டவுன் பெர்னதெத் டீச்சரின் குரல், கணவர் டெஸ்மண்டை அடக்கம் செய்த அன்று அவரை விட்டுக் கிளம்பிப்போய் சாவனதுர்கா மலையில் குடியேறியது. அது 1994. கல்லறையருகே பாடத் தொடங்கியவர், இரண்டாம் அடியில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பள்ளியில் கரும்பலகையை வைத்தே சமாளித்தார். மார்க்கெட்டில் விரலைக் காட்டிப் பேரம் பேசினார், காய்கறி முன்னைவிட மலிவாகவே கிடைத்தது. மலையேறப் போய்வந்த மாதா கோயில் பாடகர் குழு ஹெர்பர்ட்தான், பாறை உச்சியில் டீச்சரின் குரல் சுருதி பிசகாமல் பாடிக்கொண்டிருப்பதாக, பால் விலை ஏறியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டீச்சருக்கு வந்ததே கோபம். தேனும் மிளகும் கொடுத்து வளர்த்த குரல் அது. மகள் ஐரினுக்கோ வரும் ஜனவரியில் கல்யாணம். "நீங்க பாடலன்னா நான் கோயிலுக்குள்ள கால் வைக்கமாட்டேன் மம்மி" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். லால்பாக் பூங்காவைத் தாண்டிக் காடு பார்த்தறியாத டீச்சர், சனிக்கிழமைதோறும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினார். அவரைக் கண்டதும் குரல் அடுத்த குன்றுக்குத் தாவியது. ராமநகரம், பிளிகிரி என்று துரத்தினார். முழங்கால் சிராய்த்தது, அட்டை கடித்தது, சேலை போய் சுடிதார் வந்தது. வெள்ளிக்கிழமையே மனசு துள்ள ஆரம்பித்தது. டெஸ்மண்ட் போனபிறகு அப்படித் துள்ளியதில்லை. அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் குரல் மேகதாதுவில் இருந்தது. காவிரி பாறையை அறுத்துப் பாயும் இடுக்கில், தண்ணீரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அது கோயிலில்கூடப் பாடியதில்லை. டீச்சர் அதைப் பிடிக்கப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாறைக்குழி நீரில் காலை விட்டு உட்கார்ந்து, லெமன் ரைஸைப் பிரித்தார். நடுவில் அழுகை வந்தது. நன்றாக அழுதார், மிச்சத்தையும் சாப்பிட்டார். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கை நீட்டியபோது, "மெஜஸ்டிக் ஒந்து கொடப்பா" என்று கன்னடத்தில் வாய்விட்டே ஒரு டிக்கெட் கேட்டார். வார்த்தையோடு ஒரு கை தண்ணீரும் தெறித்தது. கண்டக்டர் டிக்கெட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

ஐரின் கோயிலுக்குள் நடந்து வந்தாள், டீச்சர் பாடினார். இரண்டாம் சரணத்தில் காவிரி பீடத்தின் படிவரை ஏறி, பெண்ணின் சேலை நுனியை நனைத்து வடிந்தது. பங்குச் சாமியார் பூசையை நிறுத்தவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் டீச்சர் ஊரில் இருப்பதில்லை. எங்கே போனார் என்பது ஞாயிறு பாட்டில் தெரிந்துவிடும். பிளிகிரி என்றால் பெஞ்சுகளில் பட்டாம்பூச்சி உட்காரும். மேகதாது என்று ஹெர்பர்ட் வாசலிலேயே சொல்லிவிட்டால், முன்வரிசைக்காரர்கள் செருப்பைப் பெஞ்சின்மேல் வைத்து, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருகிறார்கள்.