வாசல்வரை பதினோரு பூச்சாடிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இராஜம்மா பெரியாஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மார்பில் கட்டி. இரண்டு வீடு தள்ளியிருக்கும் நர்ஸ் மார்க்கிரட் மிஸ்ஸிதான் தொட்டுப் பார்த்துவிட்டு, முகம் மாறி, டாக்டரிடம் நாள் வாங்கித் தந்தாள்.

"அண்ணே, ரெண்டு தடவை தள்ளியாச்சு. இனிமே முடியாது லா. டாக்டர் வீட்டுக்கெல்லாம் வர மாட்டாரு. எப்படியாச்சும் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

எப்படியாவது. என் மனைவி நான்கு வருடங்களாக வாசல்படியைத் தாண்டவில்லை. எழுபத்தொன்றில் வெள்ளம் வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில்தான், எங்கள் ஆறு வயது மகள் அவள் பிடியிலிருந்து நழுவிப் போனாள். அன்று உள்ளே வந்தவள்தான் இராஜம்மா. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. சாப்பிட்டதும் நான் ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பல நாட்கள் அப்படியே விளக்கை அணைத்திருக்கிறோம்.

மூன்று மாதங்களுக்கு முன், முடிவெட்டும் கடையில் ஒரு பழைய சஞ்சிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். வரவேற்பறைக்குள் ஆற்றுக் கற்கள், செடிகள், கூரையிலிருந்து இறங்கும் வெயில். அவள் வெளியே போகாவிட்டால் வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்து பழக்கலாம் என்று தோன்றியது. முதல் பூச்சாடி அடுப்படியில். அடுத்தது இரண்டடி தள்ளி. தண்ணீர் ஊற்ற அவள் ஒவ்வொன்றாக நடந்து வருவாள். பதினோராவது வாசலில் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தேன். ரவாங் பக்கத்து ஓடையிலிருந்து சாக்கில் கற்களைக் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். மரத்தோடு ஒட்டி வளரும் பெரணிச் செடிகளைப் பெயர்த்து வந்தேன்.

"குரங்கு ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் இராஜம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் வேணாம், நீங்க இருக்கீங்க."

நான்கு வருடத்தில் அவள் செய்த முதல் கேலி. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவள் வந்தாள். ஐந்தாவது செடிக்கு வந்தாள், எட்டாவதற்கு வந்தாள். ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தாள். திங்கட்கிழமை மாலை, வாசலிலிருந்து ஒரு கை நீளத்தில், பதினோராவது பூச்சாடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு டெக்சி சொல்லியிருக்கேன்," என்றேன்.

அவள் ஒரு கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எதுக்குங்க? வெளிதான் உள்ள வந்துருச்சே. எனக்கு இது போதும்."

எவ்வளவு சாந்தமாகச் சொன்னாள். வாசலுக்கு வழி போடுவதாக நினைத்து, வெளியே போக அவளுக்கு மிச்சமிருந்த தேவையையும் நான் தீர்த்துவிட்டிருந்தேன். அந்தக் கட்டியோடு அவளை உள்ளே வைத்துப் பூட்டியது நான்தான்.

காலை எட்டரைக்கு முதல் பூச்சாடியைத் தூக்கி வெளியே, ரோட்டோரத்தில் வைத்தேன்.

"என்ன பண்றீங்க?"

இரண்டாவது, மூன்றாவது. கற்களைச் சாக்கில் அள்ளி இழுத்துப் போனேன்.

டெக்சியோடு வந்து நின்ற கன்னையா வாயிலிருந்து சிகரெட்டை எடுத்துவிட்டுக் கேட்டான். "என்னண்ணே, ஆஸ்பத்திரியா, வீடு மாத்துறீங்களா?"

பதினோரு பூச்சாடிகளும் வெயிலில் வரிசையாக நின்றன. உள்ளே சிமெண்டுத் தரையில் வட்டக் கறைகள் மட்டும். நிழலில் வளர்ந்த பெரணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துவண்டன.

"கருகிப் போயிரும்ங்க," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "தண்ணி ஊத்துங்க."

"நீ வந்து ஊத்து."

"உங்களுக்கு மனசே இல்லையா?"

அவள் உள்ளே போனாள். தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பால் டின்னோடு திரும்பி வந்து, படிக்கு உள்பக்கமே நின்று, கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் வெயில் பட்டது. டின் சாய்ந்து தண்ணீர் படியில் சிந்தியது. மணி ஒன்பது இருபது. வெள்ளைச் சீருடையில் வேலைக்குக் கிளம்பிய மார்க்கிரட் மிஸ்ஸி தன் கேட்டருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கிக்குங்க," என்றாள் இராஜம்மா.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.