பெல்ட்டுக்குச் சுருதி சேர்த்தவர்

வயலின் பழுதுபார்ப்பவருக்குத் தன் காதின் மேல் அபார நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் காலை ஆறரை மணிக்கு அவரை மனைவியின் பள்ளி வேனுக்கு முன்னால் ஸ்பானரும் கையுமாக நிறுத்தியிருந்தது.

வேனை ஸ்டார்ட் செய்தாலே 'கீ...ச்' என்று ஓர் அலறல். தெருக்கோடி வரை கேட்கும். முந்தின நாள் தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு நானே வண்டில வந்து பாக்கறேன். அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா அடுத்த வாரம் வேற வேன்தான்." எட்டு வருடமாக ஓட்டும் வேன். மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் தானே சரிசெய்வதாக இருந்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்பது இவருடைய திட்டம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். இஞ்சின் சுற்றும்போது ஒரு ரப்பர் பெல்ட் ஆல்டர்னேட்டரின் சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு ஊட்டும். ஸ்டார்ட் செய்த கையோடு பேட்டரி பசியில் இருக்கும். அந்த நேரம் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது கனமான வேலை. பெல்ட் தளர்ந்திருந்தால் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். வழுக்கினால் கீச்.

தளர்ந்தால் இறுக்கவேண்டியதுதானே? பெல்ட்டை விரலால் சுண்டினார். 'தொப்' என்றது. சுருதி ரொம்பக் கீழே! நெம்புகோலால் ஆல்டர்னேட்டரை வெளியே தள்ளித் தள்ளி, வயலினின் தடித்த தந்திபோல் கணீரென்று ஒலிக்கும்வரை இறுக்கி, போல்ட்டை முடுக்கினார். சாவியைத் திருப்பினார். கீச் இல்லை!

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மனைவி ஓடிவந்தாள். "யாரு என் வண்டில கை வெச்சது?"

"கீச்சு போச்சு, பாத்தியா!"

"போச்சு. ஊ...ன்னு ஒண்ணு வந்திருக்கே, அது என்ன, உங்க பாட்டா?"

இஞ்சினை அணைத்து, சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டு, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "அசையவே மாட்டேங்குதுங்க. எவ்ளோ இறுக்குனீங்க?"

"சுருதி சேர்ற வரைக்கும்."

"நல்லா சேர்த்தீங்க. பெல்ட் இப்படி விறைப்பா இருந்தா ஆல்டர்னேட்டர ஒரே பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். உள்ள இருக்கற பேரிங் தேய்ஞ்சு போகும். அந்த ஊ...தான் அதோட அழுகை."

அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் உதவலாம்னுதான்..."

"தெரியும். இப்ப ஸ்பானரப் பிடிங்க. அரை மணி நேரம் இருக்கு."

ஆல்டர்னேட்டருக்குக் கீழே கதவுக் கீல்போல ஒரு போல்ட். மேலே, நீளத் துளையுள்ள இரும்புப் பட்டையில் இன்னொன்று. இரண்டையும் அவர் கொஞ்சம் தளர்த்தியதும் ஆல்டர்னேட்டர் உள்ளே சாய்ந்தது. மனைவி பெல்ட்டைத் திருப்பி வெடிப்போ தேய்ந்த பளபளப்போ இருக்கிறதா என்று பார்த்தாள்; இல்லை. பிறகு, ஆல்டர்னேட்டர் உடலின் கனத்த பகுதியில் நெம்புகோலை வைத்து நிதானமாக நெம்பினாள்.

"ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல நீளமான இடம் எது?"

"இது."

"அதோட மத்தியில அழுத்துங்க. உங்க சுண்டுவிரல் அகலம் உள்ள போகணும். இந்த வண்டிக்கு அதுதான் அளவு."

அழுத்தினார். போயிற்று. "இப்படியே பிடி, முடுக்கிடறேன்." மேல் போல்ட், பிறகு கீழ் போல்ட். ஸ்டார்ட் செய்து அணைத்து மறுபடி அழுத்தினார்கள். அளவு மாறவில்லை. அவர் ஆசை விடாமல் பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தார். 'தும்.' அதை முணுமுணுத்து மனதில் பதித்துக்கொண்டார்.

ஏழே காலுக்குத் தலைமை ஆசிரியை ஏறி முன்னால் அமர்ந்தார். வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டிய வயலினோடு கணவர் பின்னால். ஆல்டர்னேட்டருக்குப் பளு கூட்ட, மனைவி வேண்டுமென்றே விளக்கு, மின்விசிறி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு ஸ்டார்ட் செய்தாள். கீச்சும் இல்லை, ஊவும் இல்லை. தலைமை ஆசிரியையின் புருவம் உயர்ந்தது.

தெருக்கோடிக் குடியிருப்பில் வேன் நின்றது. வாசலில் ஒரு பிள்ளையையும் காணோம். தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம். மூன்று. குடியிருப்புக்குள் ஹாரன் அடிக்கக்கூடாது என்பது அவரே போட்ட விதி.

இரண்டாம் மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயையோ, வேன் வந்துடுச்சா? இன்னும் கத்தலியேன்னுதான் ஊட்டிக்கிட்டிருக்கேன்!"

கணவர் வயலினை எடுத்தார். மெல்லிய தந்தியில், தந்திகளைத் தாங்கும் பாலத்தை ஒட்டி வில்லை அழுத்தி ஒரே இழுப்பு: கீ...ச்! அச்சு அசல் பழைய வேன்.

கதவுகள் படபடவென்று திறந்தன. ஆறு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் ஒற்றை ஷூ.

தலைமை ஆசிரியை சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கைவிட்டு நழுவியது. "வேற வேன் வேண்டாம்மா. ஆனா பிள்ளைங்களுக்குப் பழகற வரைக்கும் சாரையும் கூட்டிட்டு வாங்க."

மனைவி கியரைப் போட்டபடி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல? நாளைக்கும் ஏழே கால். வயலின் போதும், ஸ்பானர் வேண்டாம்."