கால்வாய்ப் பக்கம் வைத்த படல்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. கதவோரம் இருக்கறவங்களும் நெருங்கி வாங்க, குரலை உசத்திச் சொல்லுற கதை இல்லை இது. எந்த வேலி போடுவதென்று புரியாமல் குணமாலா திண்டாடின கதை.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாசம் ஒரு சாயங்காலம், தாமல் ஏரியிலிருந்து வரும் கால்வாய் கரையேறி, குணமாலாவின் முள்வேலிக்குள் புகுந்து, ஆட்டுப்பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, போகும்போது ஒரு செம்மறிக் குட்டியை எடுத்துக்கொண்டு போயிற்று. அன்றைக்கு மழை இல்லை. ஏரி மதகும் அடைத்துத்தான் இருந்தது. மறுநாள் அந்தக் குட்டி கீழே யாருடைய வரப்பிலோ மேய்ந்துகொண்டிருந்தது. உடம்பில் ஒரு மயிர்கூட நனைந்திருக்கவில்லை.

குணமாலா சமணக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனை இழந்து, கொழுந்தன் சாந்திநாதனோடு கழனி பார்த்துவந்தவள். மகனுக்கு விஷக்காய்ச்சல் கண்டு பிழைத்தபோது, சந்தையில் கறிக்கு நின்றிருந்த செம்மறிகளை மீட்டு, அவற்றுக்கு ஆயுசு முடிகிறவரை காப்பாற்றுவதாக வேண்டிக்கொண்டாள். கால்வாயோரத் துண்டு நிலத்தில் பட்டி போட்டாள். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது அவர்கள் வழக்கம். ஆடுகளுக்கும் அப்படித்தான் வைத்தாள். “அடுத்தாப்ல பல்லு வெளக்கி வுடுவியா?” என்று பக்கத்துக் கழனி வள்ளி கேட்டாள். “அதுங்க உன்ன மாதிரி வெத்தலை போடறதில்லையே” என்றாள் குணமாலா.

குட்டிகள் சரிவில் சறுக்கிக் கால்வாயில் விழப் பார்த்ததால்தான் வேலி வந்தது. சாந்திநாதன் இலந்தை முள்ளை வெட்டி வந்து, கரையோரம் சந்து பொந்து இல்லாமல் அடைத்தான். அதன்பிறகு குணமாலா வாளியை வேலிக்கு மேலே வீசி மொண்டு, வடிகட்டி, அதுவரை கால்வாயிலேயே அலசிவந்த துணியைப் பட்டிக்குள் இருந்த கல்தொட்டியிலேயே அலசிவிட ஆரம்பித்தாள். அந்த வாரமே தண்ணீர் கரையேறி வந்தது.

முள் போதவில்லை என்று மண்சுவர் வைத்தார்கள். தண்ணீர் சுவர்மேல் ஏறி, மூச்சு வாங்குகிறவளைப்போல் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு இந்தப்பக்கம் இறங்கிற்று. காஞ்சிபுரத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஷரீஃப் பாய், முள்ளுக்கம்பி போடலாம் என்றார். அது ஆட்டின் தோலைக் கிழிக்கும் என்று குணமாலா சம்மதிக்கவில்லை. வெறுங்கம்பி இழுத்தார்கள். தறியில் பாவுக்குள் ஊடை போகிற மாதிரி தண்ணீர் அதற்குள் மேலும் கீழுமாக நுழைந்து வந்தது. அன்று போன குட்டி, மூன்று ஆறு கூடுகிற திருமுக்கூடலில் கோயில் வாசலில் நின்றதாம். யாரோ புண்ணியவான் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். சர்க்கார் ஆள் ஒருவர் வந்து சங்கிலி போட்டு அளந்து, கால்வாய் அதன் இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா வேலியும் நல்ல வேலிதான், எதுவும் நிற்கவில்லை. பிறகு ஒருநாள் தண்ணீர், நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த குட்டியை எடுத்துக்கொண்டு போயிற்று. அது திரும்பவில்லை. தாயாடு மடி கட்டிக் கத்திக்கொண்டே இருந்தது.

“அண்ணி, இன்னா வேலி போட்டாலும் நிக்க மாட்டேங்குது. வர்ற சந்தைக்கு ஓட்டிக்கினு போயிடறேன்” என்றான் சாந்திநாதன்.

“சந்தைக்குப் போனா அதுங்க கதி இன்னான்னு உனக்குத் தெரியாதா?”

“இங்க இருந்தா மட்டும்? ஒவ்வொண்ணா தண்ணி தூக்கிக்கினு போவுது.”

குணமாலா எழுந்துபோய், கத்திக்கொண்டிருந்த தாயாட்டின் மடியைக் கறந்துவிட்டாள்.

சந்தைக்கு முந்தின நாள் ஷரீஃப் பாய் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்ட வந்தார். தாகம் என்றார். குணமாலா மொண்டு, வடிகட்டிக் கொடுத்துவிட்டு, துணியைத் தொட்டியில் அலசினாள்.

“வடிகட்டுறது சரிமா, அந்தத் துணிய ஏன் இவ்ளோ பதனமா அலசறே?”

“கண்ணுக்குத் தெரியாத உசுருங்க அதுல தங்கும், பாய். எந்தத் தண்ணியிலேருந்து வந்துச்சோ, அந்தத் தண்ணியிலேயே திருப்பி வுடணும்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்று தொட்டியைப் பார்த்தாள்.

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னாமா, பூச்சி கீச்சி இருக்குதா?”

“கம்பிய அவுத்துடுங்க, பாய்.”

“இப்பத்தானே கட்டினேன்?”

“அவுத்துடுங்க.”

அன்று மத்தியானமே அவள் முள்ளில்லாத பச்சைக் கிளுவையில் கிளைப் போத்துகளை வெட்டி வந்து கரையோரம் வரிசையாக நட்டாள். அது ஆட்டின் தோலைக் கிழிக்காது, வேர்விட்டுத் தானே வளரும். நடுவில் வழிவிட்டு, மூங்கில் பிளாச்சில் பின்னின படல் ஒன்றைக் கதவாக வைத்தாள். கல்தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துபோய்க் கால்வாயிலேயே விட்டாள். இத்தனை உழைப்பும் எதற்கென்று சாந்திநாதன் கேட்டதற்கு, தனக்கே பாதிதான் புரிகிறது என்றாள்.

சாயங்காலம் தண்ணீர் கரையேறி வந்தது. புதுப் போத்துகளின் இடுக்கில் எங்கும் நுழையலாம், நுழையவில்லை. படலுக்கு நேராக வந்து நின்றது. குணமாலா கதவைத் திறந்து, வடிகட்டின துணியை அதில் அலசினாள். தண்ணீர் கொஞ்சநேரம் அவள் கால்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. பிறகு சுட்டிக் குட்டியை நனையாமல் இறக்கிவைத்துவிட்டுக் கால்வாய்க்குத் திரும்பிற்று. தாயாடு ஓடிவந்து மோந்து பார்த்தது. சாந்திநாதன் சந்தைக்கு என்று எடுத்துவைத்திருந்த கயிற்றைக் கொண்டுபோய் வீட்டுக் கிணற்று வாளியில் கட்டினான்.

கிளுவை தழைத்து ஆள் உயரம் நின்றது. அந்த ஆடுகள் ஒவ்வொன்றாகக் கிழமாகிப் பட்டியிலேயே ஆயுசு முடிந்தன. பொழுது சாயும் நேரத்தில் வள்ளியே குரல் கொடுப்பாள்: “குணமாலா, உங்க கால்வாய் வந்து நிக்குது பாரு, எவ்ளோ நேரம் நிக்க வைப்பே?”

போய் வாங்க, கண்ணுங்களா. உங்க வீட்டுக் குடத்தில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும். உங்களை விட்டுப் போனது எதுவானாலும், ஒரு மயிரும் நனையாமல் உங்க வாசலுக்கு வந்து சேரட்டும்.