அம்மாவுக்குப் போகாத செய்திகள்

தீபாவளிக்கு அனுப்பிய வாழ்த்தும் போகவில்லை. ரூபினி அம்மாவுக்கு ஃபோனில் எதை அனுப்பினாலும் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு டிக் விழும், இரண்டாவது விழாது. புருஷன் கமலநாதன் கை நீட்டுகிறான் என்று ரெங்கம் ஊரை விட்டுக் கிளம்பி, ஜொகூர் பாருவில் ஒரு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே இப்படித்தான்.

அம்மா பாக்கியம் ரெங்கத்தில் அண்ணன் யுகேந்திரன் வீட்டில் இருந்தாள். அண்ணனும் கமலநாதனும் கூட்டாக லாரிப் பட்டறை நடத்தினார்கள். தங்கை பிரிந்தால் பட்டறையும் பிரியும் என்ற பயம் அண்ணனுக்கு. "நீ புருஷன்கிட்ட திரும்பிப் போற வரைக்கும் அம்மா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்களாம்" என்று ஒரு தடவை சொன்னான். அதன்பிறகு அவனும் பேசவில்லை.

"அம்மா ஃபோன் கெட்டுப் போயிருக்குமோ?" என்று ஒரு மத்தியானம் ரூபினி பிரேமலாவிடம் கேட்டாள். பிரேமலா அதே கிளினிக்கில் தாதி.

"அவங்க படம் தெரியுதா?"

"இல்ல. வெறும் வட்டம்தான்."

"கடைசியா எப்ப வந்தாங்கன்னு காட்டுதா?"

"அதுவும் இல்ல."

"சும்மா ஒரு கால் அடிச்சுப் பாரு."

ரூபினி அழைத்தாள். ஒரே ஒரு முறை மணி அடித்து அறுந்துபோனது.

"ஐயோ, அலமாக்! ப்ளாக் பண்ணியிருக்காங்க லா. இரு, என் ஃபோன்ல பார்ப்போம்."

பிரேமலாவின் ஃபோனில் அந்த எண்ணைப் போட்டதும் அம்மா வந்துவிட்டாள். கடுகு நிறப் புடவை, நெற்றியில் திருநீறு, சிரித்த முகம். அழைத்தபோது உடனே எடுத்தாள். "ஹலோ, யாரு பேசுறது?"

ரூபினி பேசாமல் வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அனுப்பியது, பிறந்தநாளன்று அழுதுகொண்டே அனுப்பிய குரல் செய்தி, எதுவும் போகவில்லை. பெற்றவளே வழியை அடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு படம் வைத்திருக்கிறாள். முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கேட்டு, அழவைத்து, பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

அடுத்த லீவு நாளில் காடியை ஓட்டிக்கொண்டு ரெங்கம் போனாள். அண்ணன் பட்டறையில் இருந்தான்; அண்ணி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். கதவைத் திறந்த அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள்.

"ஏன்மா என்னை ப்ளாக் பண்ணுனீங்க?" வீட்டுக்குள் வரும் முன்பே ரூபினி கேட்டாள்.

"என்ன பண்ணுனேன்? நீதானடி நம்பரை மாத்திட்ட? அம்மாகிட்ட குடுக்க வேணாம்னியாமே. உங்கண்ணன்தான் சொன்னான். பழைய நம்பர் இனிமே வேலை செய்யாதுன்னு அவனே அழிச்சுக் குடுத்தான்."

ரூபினி அம்மாவின் ஃபோனை வாங்கினாள். அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். தடுக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் பெயர் இல்லாத ஓர் எண் மட்டும் இருந்தது. அவளுடைய எண். அம்மாவிடம் காட்டி, எங்கே அழுத்தினால் அது தெரியும், எங்கே அழுத்தினால் விடுபடும் என்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். அழவில்லை.

"ஒரு நாள் விடாம உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"கிளம்புங்கம்மா. கொஞ்ச நாள் என்கூட இருங்க."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமே."

"நான் சொல்லிக்கிறேன்."

வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அம்மா கழிப்பறைக்குப் போனாள். ரூபினி அம்மாவின் ஃபோனை எடுத்தாள். அண்ணனுடைய எண்ணையும் அண்ணியுடைய எண்ணையும் தடுத்தாள். வெயிலில் வந்து தண்ணீர் குடித்ததுபோல நெஞ்சு குளிர்ந்தது.

சாயங்காலத்திலிருந்து அவளுடைய ஃபோன் அடிக்கத் தொடங்கியது. அண்ணன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைத் திரையில் பார்த்தாள். எடுக்காமல், ஒவ்வொரு முறையும் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தேடட்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்கட்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடட்டும்.

"உங்கண்ணன் ஒண்ணும் கேக்கலயா?" என்றாள் அம்மா, சோற்றைப் பிசைந்தபடி.

"சொல்லிட்டேன்மா. சரின்னுட்டான்."

அம்மா முகம் வாடியது. அதைப் பார்த்தும் ரூபினி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மாலை யுகேந்திரன் அவள் வீட்டு இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினான். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது.

"அம்மா எங்க? போலீசுக்கே போகப் பார்த்தேன். ஒரு போன் எடுக்க மாட்டியா?"

ரூபினி பூட்டைத் திறக்கவில்லை. "அம்மாவுக்கு மெசேஜ் போட்டிருப்பீங்களே. எத்தனை டிக் விழுது?"

"என்ன?"

"எத்தனை டிக்குன்னு கேட்டேன். படம் தெரியுதா? கூப்பிட்டா ஒரு தடவை அடிச்சு கட்டாகுதா?"

அவனுக்குப் புரிந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்து இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் காத்திருந்தாள். போதவில்லை, இன்னும் வேண்டும் என்று தோன்றியது.

"ரூபினி, உன் நல்லதுக்குத்தான்..."

"புருஷன் அடிச்சு என் பல்லு உடைஞ்சுதே, அதுவும் என் நல்லதுக்கா?"

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அம்மா கண்ணாடியோடு நின்றிருந்தாள். ஃபோனைக் கையில் வைத்து, நேற்றுக் கற்றுக்கொண்ட இடத்தை அழுத்திப் பார்த்திருந்தாள். இந்த முறை எண்களுக்குப் பெயர் இருந்தது.

"நீ சொல்லிட்டேன்னியே" என்றாள் மகளிடம்.

"அவன் செஞ்சதைத்தானே நானும் செஞ்சேன்?"

"ஆமா. அவன் செஞ்சதைத்தான் நீயும் செஞ்ச. ரெண்டு பேரும் என் கையில இருந்த போனைத்தான் பிடுங்கினீங்க." கம்பிக்கு அப்பால் நின்ற மகனைப் பார்த்தாள். "பல்லு உடைஞ்ச சங்கதியை எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேடா."



அம்மா துணியை மடித்துப் பையில் வைத்தாள். தன் தங்கை மலருக்குப் போன் போட்டாள். பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து மலர் சித்தியும் சித்தப்பாவும் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். அதுவரை யுகேந்திரன் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். ரூபினி அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

விவாகரத்து வழக்கு வந்தபோது, அம்மா சித்தியோடு கோர்ட்டுக்கு வந்து ரூபினி பக்கம் உட்கார்ந்தாள். பட்டறை பிரிந்தது. கமலநாதன் பட்டறைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான் என்று கேள்விப்பட்டபோது, அண்ணன் நஷ்டப்பட்டான் என்பதில்தான் ரூபினிக்கு அதிக சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெக்கான் நானாஸில் சித்தி வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் நேத்து வந்தான். நீ எப்ப பேசுவேன்னு கேட்டான்."

"சாகுற வரைக்கும் பேச மாட்டேன்னு சொல்லிடுங்க."

"நீயே போய் சொல்லு. இனிமே யாரு சேதியையும் நான் யாருக்கும் தூக்கிட்டுப் போக மாட்டேன்" என்ற அம்மா, மஞ்சளை எடுத்துவரச் சொன்னாள்.